முன்பாரம்

மதுரைப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டியவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு: முன்பாரம், பின்பாரம். நெல்மூட்டையோ செங்கலோ ஏற்றும்போது சுமை அச்சுக்கு முன்னால் அதிகம் விழுந்தால் அது முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் விழுந்தால் பின்பாரம். அப்போது நுகத்தடி மேலே எழும்பும், கழுத்துக்குக் கீழே போட்டிருக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். சமதரையில் சரியாக இருக்கும் வண்டி மேட்டில் ஏறும்போது பின்பாரமாகிவிடும். விவரம் தெரிந்த வண்டிக்காரர் மேடு வருமுன்னே ஒரு மூட்டையை முன்னால் நகர்த்திவைப்பார், இல்லையென்றால் தானே ஏர்க்காலில் முன்னால் நகர்ந்து உட்காருவார்.

இந்தச் சொற்களை என் காலத்தில் நான் கேட்டது மாட்டுவண்டியில் இல்லை. பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில், பின்சீட்டு கழற்றிய ஒரு மாருதி 800-க்கு அடியில் படுத்திருந்தவர் வாயிலிருந்து கேட்டேன். "முன்பாரம் பத்தலை தம்பி. கிளட்ச்சை விட்டதும் மூக்கைத் தூக்குது, சக்கரம் சும்மா சுத்துது" என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தது டிராக் ரேஸ் பற்றி. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில், கால் மைல். அதாவது 402 மீட்டர். வளைவு கிடையாது, பிரேக் பிடிக்கும் சாமர்த்தியம் தேவையில்லை. "இதுல என்னண்ணே இருக்கு, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா முடிஞ்சுச்சு" என்று கேட்டவனை அவர் பார்த்த பார்வைக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன். தேடினால் கதை இரண்டாம் உலகப் போரில் போய் நிற்கிறது.

*

டிராக் ரேஸ் அமெரிக்கச் சரக்கு. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டுகளைப் பிரித்துமேய்ந்து ஓட்டிய பையன்கள் அதற்கு முன்னோடிகள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களிடம் இயந்திர அறிவு இருந்தது, சும்மா கிடந்த விமான ஓடுதளங்களும் இருந்தன. தெருவில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், ஆளும் சாவான். 1950-இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் ஒரு விமான ஓடுதளத்தில் காசு வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். மறுவருடம் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அவர் சொன்னது எளிமையான விஷயம்: பையன்களை அடக்க முடியாது, ஆனால் இடம் மாற்றலாம்.

நம்மூரிலும் போர் ஓடுதளங்களை விட்டுவிட்டுத்தான் போனது. சென்னைக்கு வடக்கே சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை என்று தமிழ்நாட்டு வரைபடத்தில் அவை சிதறிக் கிடக்கின்றன. மதுரை விமான நிலையமே போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தியதுதான். இலங்கையில் களுத்துறைக்குப் பக்கத்துக் கட்டுக்குருந்த ஓடுதளமும் அப்படித்தான், அங்கே கார்ப் பந்தயம் நடந்திருக்கிறது. இவற்றில் தமிழ் ரேஸ் வரலாற்றில் பெயர் வாங்கியது சோழவரம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை வந்தபிறகுதான் சோழவரத்தின் காலம் முடிந்தது.

சோழவரத்தில் ஓடிய நம்மூர்க் கார்கள் மூன்றுதான் என்று சொல்லிவிடலாம்: அம்பாசடர், ஃபியட், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றிலும் இன்ஜின் முன்னால், ஓடும் சக்கரம் பின்னால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குகளின் இரண்டு தலைமுறை அறிவு இந்த ஒரு ஏற்பாட்டின் மேல் கட்டப்பட்டது. கார் சட்டென்று கிளம்பும்போது பாரம் பின்னால் போகும், பின்சக்கரத்தை ரோட்டில் அழுத்தும், பிடிமானம் கூடும். அதாவது இந்தக் காருக்குப் பின்பாரம் நல்லது. அமெரிக்காவில் ஐம்பது, அறுபதுகளில் 'கேஸர்' என்று ஒரு ரகக் கார் ஓடியது. மூக்கை வேண்டுமென்றே உயர்த்திக் கட்டியிருப்பார்கள், பாரம் இன்னும் சுலபமாகப் பின்னால் போகட்டும் என்று. பார்க்கத் தவளை தாவுவதற்கு முன் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அம்பாசடரில் கவலை வேறு. பின்னால் இருப்பது பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். ஓங்கி மிதித்தால் ஆக்சில் தானே முறுக்கிக்கொண்டு பட்டையை 'எஸ்' மாதிரி வளைக்கும், பிறகு விடும், மறுபடி வளைக்கும். சக்கரம் கோழி கொத்துவதுபோல ரோட்டைக் கொத்தும். இதற்கு வைத்தியம் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். லாரி வைத்திருந்த ஊர்களுக்கெல்லாம் தெரியும். கூடுதல் பட்டை போடு, கிளாம்ப்பை இறுக்கு.

*

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். நாட்டு வரலாறாக இது பலமுறை எழுதப்பட்டுவிட்டது: நடுத்தர வர்க்கம், சஞ்சய் காந்தி, சுசுகி, காத்திருப்போர் பட்டியல். பட்டறை வரலாறாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அங்கே நடந்தது வேறு. 796 சிசி இன்ஜின் குறுக்கே கிடந்தது, அதன் பக்கத்திலேயே கியர்பாக்ஸ், அங்கிருந்து இரண்டு சிறு தண்டுகள் நேராக முன்சக்கரத்துக்கு. காருக்கு அடியில் நீளமாக ஓடிய புரொப்பல்லர் ஷாஃப்ட் காணாமல் போனது.

உலகத்துக்கு இது புதிதில்லை. 1934-இலேயே சிட்ரோயென் முன்சக்கரத்தால் இழுக்கும் காரை விற்றது. 1959-இல் அலெக் இஸிகோனிஸ் மினி காரில் இன்ஜினைக் குறுக்கே போட்டுக் காட்டினார். அந்தக் காருக்கு அலெக்ஸ் மோல்டன் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்புகளைத்தான் சஸ்பென்ஷனாக வைத்தார். ரப்பரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் மதுரைக்குப் பங்கு உண்டு.

குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு அருமை. இடம் மிச்சம், எடை மிச்சம், மழையில் நல்ல பிடி. ஆனால் டிராக் ரேஸுக்கு இது தலைகீழ். கிளம்பும்போது பாரம் பின்னால் போகும் என்பது இயற்பியல், அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் இப்போது இழுக்கிற சக்கரம் முன்னால் இருக்கிறது. எவ்வளவு வேகமாகக் கிளம்ப ஆசைப்படுகிறோமோ அவ்வளவு பாரம் அந்தச் சக்கரத்தை விட்டுப் போகும். மேட்டில் ஏறும் பாரவண்டிதான். மாடும் முன்னால் நின்று இழுப்பதுதானே!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின்னால் போகும் பாரம் = எடை × முடுக்கம் × புவியீர்ப்பு மையத்தின் உயரம் ÷ முன்பின் சக்கரங்களுக்கு இடையேயான நீளம். மாருதி 800 சுமார் 650 கிலோ, ஓட்டுபவரோடு 720 என்று வைப்போம். சக்கர இடைவெளி 2,175 மில்லிமீட்டர். மையத்தின் உயரத்தை அரை மீட்டர் என்றும், நிற்கும்போது அறுபது விழுக்காடு எடை முன்னால் என்றும் கொள்வோம். அப்படியானால் நிற்கும்போது முன்னால் 432 கிலோ. புவியீர்ப்பில் 0.4 பங்கு வேகத்தில் கிளம்பினால் 66 கிலோ பின்னால் போய்விடும். முன்னால் மிச்சம் 366. டயரின் பிடிமானம் 0.8 என்றால் 366 கிலோ பாரத்தில் அது தாங்கும் இழுவை 293 கிலோ, அதாவது மொத்த எடையில் 0.41 பங்கு. கிட்டத்தட்ட எல்லையில் நிற்கிறோம். இதற்கு மேல் எத்தனை குதிரைசக்தி வைத்திருந்தாலும் அது புகையாகத்தான் போகும். இன்ஜினில் லட்சம் ரூபாய் போடுகிற பையன்கள் இந்த வரியை ஒருமுறை படிக்கலாம்.

*

அண்ணனிடம் இந்தச் சமன்பாடெல்லாம் கிடையாது. ஆனால் அவர் செய்கிற ஒவ்வொன்றும் இதற்குள் எங்கோ உட்காருகிறது. பின்சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வெளியே: மொத்த எடை குறைகிறது, மிஞ்சும் எடையில் முன்பங்கு கூடுகிறது. காரை இறக்குவது: மையத்தை ஐந்து சென்டிமீட்டர் இறக்கினால் அந்த 66 கிலோ சுமார் 60 ஆகிறது. ஆறு கிலோ மிச்சம், பெரிசா ஒண்ணுமில்லை என்று தோன்றும். நேரத்தைக் கணினி ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியாக எண்ணுகிற விளையாட்டில் அது பெரிசுதான்.

காசு இல்லாதவன் காரை இறக்க ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டுவான். ஸ்பிரிங்கின் சுற்று குறைந்தால் அது இறுகவும் செய்யும், இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே வெட்டில் இரண்டு வேலை. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவும். திரும்ப உட்காரும்போது எங்கே உட்காரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். பின்ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைச் செருகி, "பின்னாடி அமுங்காதுல்ல, அப்ப பாரமும் போகாது" என்பார். எல்லாப் பட்டறையிலும் இதையேதான் சொல்கிறார்கள். அது சரியில்லை. மேலே எழுதிய சமன்பாட்டில் ஸ்பிரிங் என்ற சொல்லே இல்லை, பாருங்கள். இரும்புக் கட்டையாக இறுக்கிவைத்தாலும் போகிற 66 கிலோ போயே தீரும், இன்னும் சொன்னால் சீக்கிரமாகப் போகும். ஆனால் ஒன்று: அவர் சொல்லும் காரணம் தப்பு, செய்யும் வேலை சரி. பின்னால் அமுங்காவிட்டால் முன்னால் மூக்கு எழும்பாது. மூக்கு எழும்பாவிட்டால் மாக்பர்சன் ஸ்ட்ரட்டின் சாய்வு மாறாது, டயர் தன் முழு அகலத்தில் ரோட்டைத் தொட்டபடி இருக்கும், டிரைவ் ஷாஃப்ட் கோணமும் கெடாது. கார் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி, பாரம் ஏறி இறங்கி, சக்கரம் மாறி மாறிப் பிடித்து விடுவதும் நிற்கும். அனுபவம் சரியான இடத்துக்கு வந்துசேர்ந்த பிறகு அதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொள்கிறது. அந்தக் காரணம் தப்பாக இருந்தால் அடுத்த காரில்தான் அடி விழும். ஷாக் அப்சார்பரை மாற்றத் துணிகிறவனுக்கு இந்த வித்தியாசம் வேண்டும். முன்ஷாக் விரிவதற்குத் தயங்க வேண்டும், பின்ஷாக் அமுங்குவதற்குத் தயங்க வேண்டும். இரண்டையும் எல்லாத் திசையிலும் கல்லாக இறுக்கினால் சின்ன மேடு பள்ளத்தில்கூட டயர் துள்ளும்.

மாருதி 800-இல் இன்னொரு வினோதம். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதே ஸ்டெபிலைசர் கம்பிதான். கார் சாய்வதைத் தடுக்கிற வேலையோடு இதையும் அதன் தலையில் கட்டிவிட்டார்கள். சிக்கனம். அந்தக் கம்பியின் நுனியில் இருப்பது ரப்பர் புஷ். ஓங்கி மிதிக்கும்போது முன்சக்கரம் காரை விட்டு முன்னால் ஓடப்பார்க்கும், புஷ் நசுங்கும், இரண்டு சக்கரமும் உள்பக்கமாகத் திரும்பும். அதனால் நிற்கும்போதே சக்கரங்களை மயிரிழை வெளிப்பக்கம் பார்த்தமாதிரி வைப்பார்கள், ஓடும்போது நேராகட்டும் என்று. புஷ் தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கு அத்தனையும் வீண். அண்ணன் ஒரு காரை வாங்கியதும் முதலில் இன்ஜினைப் பார்க்க மாட்டார். கடப்பாரையை விட்டு நெம்பி புஷ்ஷையும் இன்ஜின் மவுண்ட்டையும் பார்ப்பார். "எம்புட்டு சக்தி இருந்தாலும் ரப்பர் வழியாத்தேன் தம்பி ரோட்டுக்குப் போகணும்."

அந்த ரப்பர்தான் எங்கள் ஊர்ச் சரக்கு. மதுரையை மல்லிகை, மீனாட்சி, ஜிகர்தண்டா என்று எழுதிக் கைவலித்தவர்கள் யாரும் இதை ரப்பர் ஊர் என்று எழுதுவதில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ் விட்டுத் தொடங்கிய தொழில் மதுரையில் வேரூன்றியது. போரில் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் உலகம் முழுக்க ரப்பர் பஞ்சம். பெட்ரோலும் இல்லை. டி.வி.எஸ். பஸ்களில் கரி அடுப்பு கட்டி காஸில் ஓட்டினார்கள், தேய்ந்த டயரைத் தூக்கிப்போடாமல் மறுபடி பட்டன் போட்டார்கள். அந்த ரீட்ரெடிங்கிலிருந்து வளர்ந்ததுதான் அந்தக் குழுமத்தின் ரப்பர் தொழில். கோச்சடையில் ஃபென்னர் பெல்ட், மேலூர் போகும் வழியில் வெள்ளரிப்பட்டியில் ஸ்ரீசக்ரா டயர். மேற்கே மலையைத் தாண்டினால் ரப்பர் தோட்டங்கள். ஒரே போர்தான் சோழவரத்துக்கு ஓடுதளத்தையும் மதுரைக்கு ரப்பர் கைப்பழக்கத்தையும் கொடுத்தது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

*

முன்சக்கர இழுவைக்கு இரண்டு பெரிய பதில்கள் கிடைத்தன. ஒன்று கோயம்புத்தூர்ப் பதில். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் எண்பதுகளின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றையிருக்கைக் காரைக் கொண்டுவந்தார். மாருதி 800-இன் இன்ஜினைக் கழற்றி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார், பின்சக்கரத்தை ஓட்டவைத்தார். பிரச்சினையைத் தீர்க்கவில்லை, தலைகீழாகத் திருப்பிவிட்டார். விலை குறைந்த ரேஸ் கார் என்றால் என்ன என்பதை இந்தியா அதில்தான் கற்றது. பின்னாளில் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்தக் காரில் ஓட்டியவர்தான். கரிவர்தன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையம் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். இன்ஜினையே இடம்மாற்ற லேத்தும் வெல்டிங்கும் ஒரு மில் குடும்பத்தின் பின்பலமும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொன்று கலிஃபோர்னியாப் பதில். தொண்ணூறுகளில் அங்கே ஹோண்டா சிவிக் வைத்திருந்த பையன்கள், இவர்களில் ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய, பெரிய அமெரிக்க இன்ஜின்காரர்களின் கிண்டலுக்கு நடுவே முன்சக்கர இழுவையையே வைத்துக்கொண்டு ஜெயிக்க வழி தேடினார்கள். முன்னால் அகலமான மென்டயர், பின்னால் சைக்கிள் டயர்போல ஒல்லியானது. பின்பம்பருக்குப் பின்னால் நீளமாக ஒரு கம்பிச்சட்டம், நுனியில் குட்டிச் சக்கரம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பின்சக்கரத்தால் ஓடும் காரில் மூக்கு வானம் பார்க்காமல் தடுக்க வைக்கிற சட்டம் அது, முன்சக்கரக் காருக்கு எதற்கு? பதில் அதே சமன்பாட்டில் இருக்கிறது. பின்னால் சாயும் பாரத்தை இன்னும் தள்ளி ஓரிடத்தில் தாங்கினால் வகுக்கும் நீளம் கூடும், போகிற பாரம் குறையும். காரின் நீளத்தைப் பொய்யாகக் கூட்டும் வித்தை. ஸ்டீபன் பாபடாகிஸின் சிவிக் போன்ற கார்கள் கால் மைலைப் பத்து வினாடிக்குள் கடந்தபோது சிரிப்பு நின்றது.

அண்ணனிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வண்டிக்குப் பின்னாடி முட்டுக்கட்டை கட்டியிருக்கான்" என்றார். சுமை ஏற்றும்போது மாட்டுவண்டி பின்னால் சாயாமலிருக்க முட்டுக் கொடுப்பார்களே, அது.

*

இவ்வளவு கற்றுக்கொண்டு எங்கே ஓட்டுவது? ஆம்பி வேலி ஓடுதளத்தில் நடக்கும் டிராக் பந்தயத்துக்கு மகாராஷ்டிரா வரை காரை லாரியில் ஏற்றிப்போக வேண்டும். அந்த லாரி வாடகைக்கு இங்கே இன்னொரு பழைய 800 வாங்கலாம். ஆகவே ரிங் ரோடு. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரைக்குமான அந்தச் சாலையில், ராத்திரி. என்னோடு படித்த ஒருவன் அங்கே பின்விளக்கு இல்லாமல் நின்ற லாரியில் போய்ச் செருகினான். உயிர் தப்பியது, வலதுகாலில் கம்பியோடு நடக்கிறான். பந்தயம் என்னவோ அவன்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். ஜெயித்ததாலேயே முன்னால் இருந்தது என்னவென்று அவனுக்கு முதலில் தெரிந்தது.

எங்கள் வட்டாரத்துக்குச் சாலைப் பந்தயம் புதிதில்லை. மதுரை, சிவகங்கை, தேனிப் பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று வகுப்பு பிரித்து, சாரதி பெயர் போட்டு, போய்வர எத்தனை மைல் என்று நோட்டீஸ் அடித்து நடக்கும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது. 2017 ஜனவரியில் தமுக்கம் நிரம்பியது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. நான் அந்தப் போராட்டத்தையும் கார்ப் பந்தயத்தையும் ஒன்றாக வைக்கவில்லை. மாட்டின் வலி வேறு விவாதம். ஆனால் ஒரு பந்தயத்துக்கு வகுப்பு, விதி, நேரம், போலீஸ் பாதுகாப்பு, கூட்டம் எல்லாம் ஏற்பாடு செய்ய இந்த மண்ணுக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில அரசின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டால் தண்டனை என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல்முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை ஒரு வருடம் அல்லது 10,000. 'ஒப்புதல் இல்லாமல்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அந்தக் கதவு வழியாகத்தான் 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு விளக்குப் போட்டு ராத்திரிப் பந்தயம் நடந்தது. ஆதரவும் இருந்தது, இவ்வளவு செலவு எதற்கு என்ற கேள்வியும் இருந்தது. கேள்வி நியாயம்தான். டிராக் ரேஸுக்கு அத்தனை வேண்டாம். 402 மீட்டர் நேரான தார், நிற்பதற்கு அதைப்போல இரண்டு பங்கு, இரண்டு பக்கமும் தடுப்பு, ஒரு ஆம்புலன்ஸ். கயத்தாறும் செட்டிநாடும் மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் டிபனுக்குப் போய்ச் சேரும் தூரம்.

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இப்போது ரோட்டில் இருப்பவை ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அண்ணன் கடையில் இன்னும் மூன்று நிற்கின்றன. ஒன்றின் டாஷ்போர்டில், ஸ்கெட்ச் பேனாவால் அவர் எழுதிவைத்திருக்கிறார்: முன் காத்து 18, பின் காத்து 40, புஷ் புதுசு, கட்டை ரெண்டு.